எழுந்திருக்காத பந்தி

முதல் இலை விரித்த இடத்திலேயே கூழாங்கல் பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

“வாசல்லயே உட்கார்ந்தா பின்னால வர்றவங்க எப்படி உள்ள போவாங்க?” என்றாள் அலை. அவள் கையில் துடைப்பம் இருந்தது.

“தாண்டிப் போகட்டும். எனக்கு இதுக்கு மேல முடியாதும்மா. மலையிலேருந்து உருண்டு வந்திருக்கேன்.”

“அவ்வளவு தூரம் உருண்டவருக்கு இன்னும் நாலு உருட்டு உருள முடியாதோ?”

“அதை உன் தம்பி பொண்டாட்டிகிட்ட கேளு. தள்ளிக்கிட்டு வந்தவ அவதான். இங்க வந்ததும் அவளே நின்னுட்டா.”

மருதை நின்றுதான் போயிருந்தாள். கல் கேட்டால் தண்ணீர் பதில் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. மருதை என்கிற அந்த ஆறு, மலையின் மகள், கடலுக்கு வாழ்க்கைப்பட்டவள். சரிவுகளில் எத்தனை வேகமாக ஓடி வந்தாலும், புருஷன் வீட்டு வாசலைக் கண்டதும் அவள் கால் தளர்ந்துவிடும். பிடித்திருப்பது கையிலிருந்து நழுவும். கனமானது முதலில் நழுவும். அப்படித்தான் பெரியப்பாவும் அவர் வயதுக்காரர்களும் வாசலோடு நின்றார்கள். அவள் இடுப்பிலும் தோளிலும் முந்தானை மடிப்பிலும் இன்னும் எத்தனையோ பேர் இருந்தார்கள். எல்லாரும் பிறந்த வீட்டுச் சொந்தம்.

பிறந்த வீடு இடிந்துகொண்டிருந்தது. வெயில் சுவரைச் சுட வைக்கும், பனி அதையே குளிர வைக்கும். விரிசல் விட்ட இடத்தில் மழை விரலை நுழைத்துப் பார்க்கும். ஒரு ஆலங்கன்று முழங்கையை ஊன்றி நெம்பும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு சுவர் போயிற்று. உதிர்ந்தவர்களை வைத்துக்கொள்ள மலையிடம் இடம் இருக்கவில்லை.

“கூட்டிக்கிட்டுப் போம்மா,” என்று அவர் மகளிடம் சொன்னார். “இங்க கிடந்தா காத்து ஆளுக்கொரு திசையா கொண்டுபோயிடும். எல்லாரும் ஒரே இடத்துல இருக்கிற மாதிரி பார்த்துக்க.”

அதற்கு மேல் அவர் எதுவும் கேட்டதில்லை.

கடல் கெட்டவர் அல்ல. ஆனால் அவருக்கும் ஒரு பயம் இருந்தது. வருகிறவர்கள் எல்லாம் தங்கிவிட்டால் வீட்டின் ஆழம் குறைந்துபோகும். ஆகவே கல்யாணத்தன்றே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார். “உன் வீட்டு ஆளுங்க எத்தனை பேர் வேணும்னாலும் வரட்டும், சாப்பிடட்டும். இலையை விட்டு எழுந்ததுக்கு அப்புறம் இங்க இடம் கிடையாது.”

இரண்டு முறை அப்படியே நடந்தது. வந்தவர்கள் சாப்பிட்டார்கள், எழுந்தார்கள். கடைசி ஆள் எழுந்ததும் அலை துடைப்பத்தோடு வந்தாள். அவள் கடலுக்கு அக்கா. அந்த வீட்டில் தரை முழுவதும் அவள் பொறுப்பு. கூட்டிக் கரையில் தள்ளினாள். கரையில் காற்று காத்துக்கொண்டிருந்தது. மருதையின் தம்பிகளும் அத்தை மக்களும் உலர்ந்து, எழும்பி, வெளிச்சத்தில் மஞ்சளாகச் சுழன்று போனதை அவள் வாசலில் நின்று பார்த்தாள். அதில் ஒருவன் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். எந்தத் திசையிலிருந்து என்று தெரியவில்லை.

இது மூன்றாவது முறை.

மணல்கள் பெரியப்பாவைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். மலையை விட்டு இறங்கியதிலிருந்து பேச்சை நிறுத்தாதவர்கள்.

“என்ன பெரியப்பா, வீட்ல இருக்கும்போது உங்க மேலெல்லாம் முனையா இருக்கும். பக்கத்துல வந்தாலே குத்தும். இப்ப குழந்தை மாதிரி வழுவழுன்னு ஆயிட்டீங்க. அந்த முனையெல்லாம் எங்க?”

“வழியில உதிர்ந்து போச்சு,” என்றார் பெரியப்பா. “எதிர்ல உட்கார்ந்துக்கிட்டு இப்ப என்னையே கேள்வி கேட்குது.”

மணல்களுக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. பிறகு வரிசை முழுவதும் சிரிப்பு ஓடி, மெல்ல அடங்கிற்று.

வண்டல் சித்தி மட்டும் இன்னும் உட்காரவில்லை. மலை வீட்டில் அவள் மினுமினுப்பாக இருந்தவள். மழையில் ஊறி ஊறி, சொந்தத்திலேயே அதிகம் நைந்துபோனவள். எங்கே இறக்கிவிட்டாலும் மிதந்து எழுந்துவிடுவாள்.

“இங்க உட்காருங்க சித்தி.”

“யாராவது நடமாடிக்கிட்டே இருந்தா எனக்கு உட்கார வராது. உனக்குத்தான் தெரியுமே.”

“இப்ப யார் நடமாடறா?”

“நீதான்.”

மருதை அசையாமல் நிற்கப் பார்த்தாள். முழுக்க முடியவில்லை. சித்தி மணல்களின் தலைக்கு மேலாகப் புகையைப் போல மிதந்து, அலையின் கால் படாத உள்ளறைக்குப் போனாள். அங்கே வெளிச்சம் பச்சையாக இருந்தது. ஒலி என்று எதுவும் இல்லை. அவள் இறங்குவதற்கு வெகுநேரம் ஆயிற்று. இறங்கிக்கொண்டிருக்கிறாளா, அப்படியே நிற்கிறாளா என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாது. தரையைத் தொட்டபோது தரைக்கே அது தெரிந்திருக்காது.

இப்படி, வாசலில் பெரியப்பாவிடம் தொடங்கிய இலை வரிசை, மணல்களின் வழியாக நீண்டு, உள்ளறையில் சித்தியிடம் போய் முடிந்தது.

“எல்லாரும் வந்தாச்சா?” என்று கேட்டாள் அலை.

“வந்தாச்சு,” என்று மருதையின் உடம்புக்குள்ளிருந்தே ஒரு குரல் சொன்னது. அது உப்பு. மலையை விட்டுப் புறப்பட்ட அன்றே கரைந்துவிட்டவன்.

“நீ எங்கடா இருக்கே? கண்ணுல படவே மாட்டேங்கறே,” என்றாள் மருதை.

“எல்லா இடத்துலயும்தான் இருக்கேன். எனக்கு இலை வேண்டாம் அக்கா. தண்ணி இருக்கிற வரைக்கும் எனக்கு உட்கார வராது. நான் நின்னுக்கறேன்.”

பரிமாறியவள் சுருட்டை. கடல் வீட்டைச் சேர்ந்தவள், எட்டுப் பிள்ளை பெற்றவள். சுருள் சுருளாகச் சுற்றிய பெரிய ஓட்டை முதுகில் தூக்கிக்கொண்டு நடப்பவள். அந்த வீட்டில் சமையல் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. தண்ணீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்து வெள்ளையாக ஒரு கூழ் காய்ச்சுவார்கள். கூட, துரு நிறத்தில் ஒரு ரசம். கூழ் இலையில் நிற்கவில்லை. மணலுக்கும் மணலுக்கும் நடுவே இறங்கிற்று. கூழாங்கற்களின் இடுப்பைச் சுற்றித் தேங்கிற்று. வழித்துப் போட யாரும் மெனக்கெடவில்லை. ஓரிடத்தில் ரசம் தாராளமாக விழுந்து, அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சிவந்து போனார்கள்.

“வீட்டுக்குப் போய் அலசினா போயிடும்,” என்றான் ஒரு மணல்.

பக்கத்தில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து சாப்பிட்டார்கள்.

மலை வீட்டில் ஒரு முறை உண்டு. ஒரு பந்தியில் உட்கார்ந்தால், கடைசி ஆள் சாப்பிட்டு இலையை மடிக்கிற வரை யாரும் எழக்கூடாது. முன்பே முடித்தவர்கள் கை காயக் காய உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் எழுந்து போனால், இன்னும் சாப்பிடுகிறவரை எழுப்பிவிட்டதற்குச் சமம். கடல் வீட்டில் இந்த வழக்கம் கிடையாது. அங்கே அவரவர் பசிக்கு அவரவர் கடித்துக்கொண்டு, வந்த வழியே நழுவிவிடுவார்கள்.

ஆகவே சுருட்டைக்கு வேடிக்கையாக இருந்தது.

“வெளியில அவங்கல்லாம் எப்பவோ முடிச்சிட்டாங்க,” என்றாள் சித்தியிடம். “ஏன் இன்னும் உட்கார்ந்திருக்காங்க?”

“நான் முடிக்கலையே.”

“உங்களுக்காகவா?”

“யார் கடைசியோ அவங்களுக்காக. இன்னிக்கு நான்.”

“வாசல்ல இருக்கிற பெரியவர் கண்ணுக்கு நீங்க தெரியக்கூட மாட்டீங்க.”

“தெரியாது. ஆனா உட்கார்ந்திருப்பார். என்னைத் திட்டிக்கிட்டே உட்கார்ந்திருப்பார்.”

பெரியப்பா திட்டிக்கொண்டுதான் இருந்தார். “வண்டல் முடிச்சாளான்னு கேளுங்கடா,” என்று பக்கத்து மணலிடம் சொன்னார். கேள்வி ஒரு மணலிலிருந்து அடுத்த மணலுக்கு என்று உள்ளறை வரை போயிற்று. பதில் அதே வழியில் திரும்பி வந்தது.

“இன்னும் ஒரு கவளம் இருக்காம்.”

அந்த ஒரு கவளத்தை மருதையும் பார்த்தாள். உள்ளறையின் நிலையருகே அவள் நின்றிருந்தாள். வாசல் பக்கமிருந்து அலை துடைப்பத்தைத் தரையில் தட்டிச் சரிசெய்யும் சத்தம் வந்தது.

“மெதுவா சாப்பிடுங்க சித்தி.”

“மெதுவாத்தான் சாப்பிட்டேன். இதைவிட மெதுவா எப்படிச் சாப்பிடறதுன்னு எனக்குத் தெரியல.” சித்தி இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “போன தடவை வந்தவங்கல்லாம் எங்க இருக்காங்க?”

மருதை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“உன் தம்பி செம்பான் வந்தானே. அவன் எங்க?”

“என்னைக் கூப்பிட்டான். எந்தப் பக்கம்னு தெரியல சித்தி.”

சித்தி அந்தக் கவளத்தைக் கையில் எடுத்தாள். வாய் வரை கொண்டுபோனாள். பிறகு அதைத் திரும்ப இலையில் வைத்து, சுண்டுவிரலால் ஓரத்துக்குத் தள்ளினாள். கையை மடியில் போட்டுக்கொண்டாள். இலையை மடிக்கவில்லை.

“என்ன சித்தி?”

“அப்புறமா சாப்பிடறேன்.”

“எப்ப?”

“பார்க்கலாம்.”

மேலே, எங்கோ தூரத்தில், மலை மீது மழை பிடித்துக்கொண்ட சத்தம் மருதையின் உடம்பில் கேட்டது. “நீங்க சாப்பிடாம இருந்தா யாரும் எழ மாட்டாங்க.”

“ஆமா.”

“எனக்கு ஆளுங்க வந்துக்கிட்டே இருப்பாங்க. இடம் இல்லேன்னா உங்க மேலதான் உட்கார வைக்கணும். அதுக்கு மேல இன்னொரு பந்தி. அதுக்கு மேல இன்னொண்ணு.”

“வை.”

“பெரியப்பா தாங்குவார். நீங்க தாங்க மாட்டீங்க. உங்ககிட்ட இருக்கிற தண்ணியெல்லாம் பிழிஞ்சு போயிடும். தட்டையாயிடுவீங்க.”

“நான் என்னிக்கு உருண்டையா இருந்தேன்?”

“அசைய முடியாது. ஒரு வார்த்தை பேச முடியாது.”

“இந்த மணல் பசங்க பேச்சு நிக்கும்ல,” என்றாள் சித்தி. “எனக்கு அது போதும்.”

அவள் சிரித்தாளா என்று மருதையால் பார்க்க முடியவில்லை. உள்ளறை கலங்கியிருந்தது, கலக்கியது தான்தான் என்று தெரிந்து மருதை ஓரடி பின்வாங்கினாள்.

வாசலில் அலை குரலை உயர்த்தினாள். “தம்பி, உன் மாமனார் வீட்டு ஆளுங்க எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க. வந்து என்னன்னு கேளு.”

கடல் உள்ளறைக்கு வந்தார். அவர் வந்ததும் பச்சை வெளிச்சம் கருநீலமாயிற்று. நெடுநேரம் அந்த இலையைப் பார்த்தார்.

“சாப்பாடு சரியில்லையா?”

“நல்லா இருக்கு மாப்பிள்ளை. ஒரு வாய்தான் பாக்கி.”

“சாப்பிட்டுடலாமே.”

“சாப்பிடறேன். இத்தனை நேரத்துக்குள்ள முடிக்கணும்னு நீங்க ஒண்ணும் சொல்லலையாமே.”

கடல் மருதையின் பக்கம் திரும்பினார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்ன சொல்லியிருந்தோம் என்பது அவருக்கு நினைவிருந்தது. இலை முன்னால் உட்கார்ந்திருக்கும் விருந்தாளியை எழுப்பி அனுப்பினார் என்ற பேச்சு மலை வரை போகும் என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவர் அதை நினைத்து நின்றதாகத் தோன்றவில்லை. சித்தியின் மடியில் கிடந்த மெலிந்த கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீடு மேடாயிடும்,” என்றார் கடைசியில்.

“கொஞ்சம் கொஞ்சமாத்தாங்க ஆகும்,” என்றாள் மருதை.

“அப்ப நான் கிழக்கே தள்ளிப் போகவேண்டி வரும்.”

“நானும் வர்றேன். இன்னும் கொஞ்சம் தூரம் நடக்கணும், அவ்வளவுதானே.”

கடல் திரும்பிப் போனார். போகும்போது வாசலில், “இருக்கட்டும் அக்கா, விடு,” என்று அவர் சொன்னது உள்ளே கேட்டது.

சுருட்டை இன்னும் கூழ்ப் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

“நீ போம்மா,” என்றாள் சித்தி. “பிள்ளைங்க தேடும்.”

“தேடாது. எங்க வீட்ல யாரும் யாரையும் தேட மாட்டாங்க.” சுருட்டை பாத்திரத்தைக் கீழே வைத்தாள். “நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும்னு ஒருத்தர்கூட உட்கார்ந்ததில்ல. கொஞ்சம் தள்ளிக்குங்க, எனக்கு ஓடு பெருசு.”

சித்தி தள்ளிக்கொண்டாள். சுருட்டை ஓட்டைப் பக்கவாட்டில் சாய்த்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச காலம் கழித்து சுருட்டையின் பிள்ளைகள் அம்மாவைத் தேடிக்கொண்டு வந்தார்கள். அவள் எழுந்து வரவில்லை என்று கண்டு, சிப்பிகளும் சோழிகளும் பவழக்காரர்களும் கூட வர, அவர்களே தங்களுக்குள் ஒரு பந்தி போட்டு உட்கார்ந்தார்கள். வெளியாள் யாரும் கலக்காத பந்தி. அந்த வரிசை முழுவதும் வெள்ளையாக இருந்தது.

அதற்குள் வாசலில் அடுத்த பந்தி இறங்கத் தொடங்கியிருந்தது.

“மேல யாரு?”

“நான்தான், வடக்குச் சரிவுக்காரன்.”

“தலையில கால வைக்காதடா.”

“வேற எங்க வைக்கறது? கீழ பூரா உங்க தலைதான் இருக்கு.”

“உன் தலையிலயும் ஒருத்தன் வருவான், அப்ப தெரியும்.”

பெரியப்பா மறுபடி கேட்டனுப்பினார். பதில் வந்தது. “இன்னும் முடிக்கலையாம்.”

“அவளுக்குப் பல்லு சரியில்ல. சின்ன வயசிலேருந்தே அப்படித்தான்,” என்று சொல்லிவிட்டு, அவர் வசதியாகச் சாய்ந்துகொண்டார்.

அவர் கேட்டுக்கொண்டேதான் இருந்தார். ஆனால் கேள்வி போய் வர ஆகும் நேரம் ஒவ்வொரு முறையும் கூடிற்று. மணல்களுக்கு நடுவில் வழிந்த கூழ் இறுகிக்கொண்டிருந்தது. ஒரு மணல் அடுத்த மணலின் காதுப்பக்கம் திரும்ப ஒரு மழைக்காலம் பிடித்தது. பிறகு நூறு மழைக்காலம். மேலே வந்து உட்கார்ந்தவர்களின் பாரத்தில் சித்தியிடமிருந்து தண்ணீர் முத்து முத்தாக வெளியேறிற்று. அவள் ஒரு ஏட்டின் அளவுக்கு மெலிந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சுருட்டை அப்படியே சுருண்டிருந்தாள். கேள்வி ஒரு நாள் பாதி வழியில், பெயர் தெரியாத ஒரு மணலின் வாயில் நின்றுபோயிற்று. பதிலுக்காகக் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டு பெரியப்பா காத்திருந்தார்.

கடல் சொன்னபடி கிழக்கே நகர்ந்தார். மருதை கூடுதலாக நடந்தாள். அவர் விட்டுப்போன தாழ்வில் மட்டும் கொஞ்சம் தண்ணீர் வெயிலில் நின்றது. அது நாளுக்கு நாள் சிறிதாகி, ஒரு நாள் ஓசையின்றி முடிந்தது.

“இப்ப உட்காரலாம்,” என்றான் உப்பு. அவன் உட்கார்ந்த பிறகுதான் அவன் எவ்வளவு வெள்ளை என்பது தெரிந்தது.

அன்றைக்குத் தொடங்கியதுதான், படிவுப் பாறைகள் எல்லாம் பந்தி பந்தியாக, ஒன்றன் மேல் ஒன்றாக உட்கார்ந்திருப்பது. மலையிலேயே தங்கிவிட்ட கருங்கல்லிடம் இந்த வரிசைகள் இருப்பதில்லை. அது எந்தப் பந்தியிலும் உட்காராதது. யாரும் புரட்டிப் போடாத இடத்தில் கீழே இருப்பவர் மூத்தவர், மேலே இருப்பவர் இளையவர். பழைய ஆற்று வாசல்களைத் தோண்டினால் கூழாங்கற்கள் பதிந்த பாறை கிடைக்கிறது. பெரியப்பாவின் வயதுக்காரர்கள் உருண்டை உருண்டையாக இன்னும் அதில் தெரிகிறார்கள். அவர்களைத் தாண்டி மணற்பாறை. தடவினால் சுரசுரக்கும், சில இடங்களில் முதுகு வரிவரியாக இருக்கும், ரசம் விழுந்த இடம் சிவந்திருக்கும், தண்ணீர் ஊற்றினால் உள்ளே வாங்கிக்கொள்ளும். இன்னும் உள்ளே தள்ளிப் போனால் களிப்பாறை. அதை நகத்தால் நெம்பினால் ஏடு ஏடாகப் பிரிகிறது. சுண்ணாம்புப் பாறையில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தால் சன்னமாக நுரைக்கிறது. உடைத்தால் சில சமயம் உள்ளே ஒரு சுருள் இருக்கிறது. கடல் வற்றிப்போன தாழ்வுகளில் உப்புப் பாறையும் ஜிப்சமும் கிடக்கின்றன. அவர்கள் தண்ணீரில் கரைந்து வந்தவர்கள். இப்போதும் ஆறுகள் வாசலில் கனமானதை முதலில் இறக்குகின்றன. இப்போதும் வண்டல் கடைசியாகத்தான் உட்காருகிறது.

இதெல்லாம் பிறகு நடந்தவை. அன்றைக்கு, இரண்டாம் பந்திக்கு ஆட்கள் இறங்குவதற்குச் சற்று முன்னால், அலை ஒரு முறை உள்ளே வந்தாள். பேசிப் பேசிக் களைத்த மணல்கள் கண்ணை மூடியிருந்தார்கள். அவள் குனிந்து, அவர்கள் முதுகில் ஐந்து விரலையும் வைத்து, ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை வரிவரியாக நீவிவிட்டாள். பிறகு இலை போட வந்தவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினாள்.